மீனின் வாரிசுக் கணக்கு

ஓர் ஆற்றில் மீன் அருகிப்போகிறது என்றால் அரசுகளின் கை முதலில் பொரிப்பகத்தைத் தேடித்தான் போகும். சினை மீனைப் பிடித்து, முட்டையைப் பிழிந்தெடுத்து, தட்டுகளில் பொரிக்கவைத்து, தொட்டியில் தீனி போட்டு வளர்த்து, பருவம் வந்ததும் ஆற்றில் விடலாம். ஆற்றில் கிடக்கும் முட்டைகளில் மிகச் சிலவே கடலுக்குப் போகும் வயதை எட்டும். தொட்டியில் பெரும்பாலானவை எட்டிவிடும். லாபம் இவ்வளவு பளிச்சென்று தெரியும்போது மேற்கொண்டு கேள்வி கேட்க யாருக்குத் தோன்றும்?

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆறு இந்த நம்பிக்கையின் மாபெரும் களம். 1938-இல் பான்வில் அணை செயல்பாட்டுக்கு வந்தது. 1942-இல் கிராண்ட் கூலி அணை கட்டி முடிந்தது. அதில் மீன் ஏறிப்போக வழியே வைக்கவில்லை. அதற்கு மேலே சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்கள் முட்டையிட்டுவந்த கிளையாறுகள் ஒரேயடியாக அடைபட்டன. போனதற்கு ஈடாகப் பொரிப்பகங்கள் எழுந்தன. இன்று அந்தப் படுகையில் ஆண்டுதோறும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள்.

இத்தனைக்கும் கணக்கு எழுதும் முறை வெகுகாலம் இரண்டே வரிகளில் முடிந்தது: எத்தனை குஞ்சுகளை விட்டோம், எத்தனை மீன்கள் கடலிலிருந்து திரும்பின. தூண்டில்காரர்களுக்கும் வலைக்காரர்களுக்கும் மீன் கிடைக்கிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் ‘அழியும் மீனினத்தை மீட்கிறோம்’ என்று சொல்லிப் பொரிப்பகம் நடத்தினால் இன்னொரு வரி வேண்டும். திரும்பிவந்த பொரிப்பக மீன் ஆற்றில் தானாக முட்டையிட்டதா? அந்த முட்டையிலிருந்து வந்தவை பிழைத்துக் கடலுக்குப் போய்த் திரும்பினவா? மீட்பு என்பது இந்த வாரிசுகளில்தான் இருக்கிறது. அந்த மூன்றாவது வரியை உலகிலேயே மிக நுணுக்கமாக எழுதிப் பார்த்த இடங்களில் ஒன்று, ஒரிகன் மாநிலத்தின் ஹூட் ஆறு.

ஒரே மீன், இரண்டு வாழ்க்கை

ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம். இரண்டுக்கும் உயிரியல் பெயர் ஆன்கோரிங்கஸ் மைகிஸ். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே முடிவது ரெயின்போ டிரவுட். பிறந்த ஆற்றில் இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்து, உடலை உப்புநீருக்குப் பழக்கிக்கொண்டு, பசிபிக் கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது ஸ்டீல்ஹெட். கடலுக்குக் கிளம்பும் பருவத்துக் குஞ்சை ஸ்மோல்ட் என்பார்கள். பசிபிக் சால்மன்கள் ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில தப்பித்து மீண்டும் கடலுக்குப் போய், இன்னொரு முறையும் வரும்.

இந்த இனம் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலும் இலங்கையின் நுவரெலியா மலைகளிலும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் இதுவே. ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் 1907-இல் தொடங்கிய டிரவுட் பொரிப்பகம் அதற்காகவே வந்தது. அங்கே அது வந்தேறி. வேண்டுமென்றே வளர்த்த மீன். ஹூட் ஆற்றில் அது மண்ணின் மைந்தன். அதனால்தான் அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் வேறு.

ஹூட் ஆறு மவுண்ட் ஹூட் சிகரத்தின் பனியாறுகளிலிருந்து இறங்கி, பேரி, ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த பள்ளத்தாக்கைக் கடந்து, கொலம்பியாவில் கலக்கிறது. கடலிலிருந்து வரும் மீன் இங்கே சேர வழியில் பான்வில் என்ற ஒரு பேரணையைத் தாண்டினால் போதும். இந்த ஆற்றில் ஸ்டீல்ஹெட் இரண்டு கூட்டமாக வரும். குளிர்காலக் கூட்டம் பருவம் முதிர்ந்த நிலையில் ஆற்றுக்குள் நுழைந்து, அந்த வசந்தத்திலேயே முட்டையிடும். கோடைக்காலக் கூட்டம் பல மாதம் முன்னதாகவே நுழைந்து, ஆற்றிலேயே காத்திருந்து, அடுத்த வசந்தத்தில் முட்டையிடும். இரண்டுமே மெலிந்துபோயின. கீழ்க்கொலம்பியாப் பகுதியின் ஸ்டீல்ஹெட்டை அமெரிக்க அரசு 1998-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப்படி அறிவித்தது.

மீன்களின் மேல் உரிமையும் கடமையும் பலருக்கு உண்டு. 1855 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்த பழங்குடிகள், தங்கள் மூதாதையர் மீன்பிடித்த இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களின் வழிவந்த வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிக் கூட்டமைப்பும் ஒரிகன் மாநில மீன், வனவிலங்குத் துறையும் ஹூட் ஆற்றுத் திட்டத்தைச் சேர்ந்து நடத்துகின்றன. செலவை ஏற்பது, கொலம்பியா அணைகளின் மின்சாரத்தை விற்கும் பான்வில் மின் நிர்வாகம். அணையால் மீனுக்கு வந்த கேட்டை ஈடுகட்ட வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உத்தரவிட்டிருக்கிறது. பழங்குடிகளுக்கு வலையில் மீன் வேண்டும்; மாநிலத்துக்குத் தூண்டில்காரர்கள் திருப்தி அடைய வேண்டும்; சட்டத்துக்கு ஆற்றுமீன் பிழைக்க வேண்டும். மூன்றையும் ஒரே பொரிப்பகம் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் மதிப்பீட்டின் சிக்கலே தொடங்குகிறது.

அணையே கணக்குப்பிள்ளை ஆனது

ஹூட் ஆற்றில் நீண்டகாலம் விட்டுவந்தது வேற்றூர் வம்சம். வேறு ஆறுகளிலிருந்து வந்து, பல தலைமுறையாகப் பொரிப்பகத்துக்குள்ளேயே பெருகிய மீன்கள் அவை. 1990-களின் தொடக்கத்தில் பாதை மாறியது. இனி ஹூட் ஆற்றுக்குத் திரும்பும் ஆற்றுமீன்களிலேயே கொஞ்சத்தை எடுத்துப் பெற்றோராக்குவது, அவற்றின் குஞ்சுகளை ஓராண்டு தொட்டியில் வளர்த்து அதே ஆற்றில் விடுவது, திரும்பிவருபவை ஆற்றுமீன்களோடு கலந்து இயல்பாக முட்டையிட அனுமதிப்பது என்று முடிவாயிற்று. வம்சம் உள்ளூர், வளர்ப்பு மட்டும் பொரிப்பகம். இது எண்ணிக்கையை ஊக்கும் திட்டம் என்று பெயர் பெற்றது. (இனி இந்தக் கட்டுரையில் ஆற்றில் பிறந்ததை ஆற்றுமீன் என்றும், தொட்டியில் பிறந்து ஆற்றில் விடப்பட்டதைப் பொரிப்பகமீன் என்றும் சொல்வோம்.)

இதைச் சோதிக்க ஹூட் ஆற்றில் ஓர் அரிய வசதி இருந்தது. ஆறு கொலம்பியாவில் கலப்பதற்குச் சில கிலோமீட்டர் முன்னால் 1923-இல் கட்டிய பவர்டேல் என்ற சிறிய மின் அணை நின்றது. மேலே போகும் மீன் எதுவும் அங்கே இருந்த பொறிக்குள் வந்துதான் ஆக வேண்டும். 1991 முதல் அங்கே வந்த ஸ்டீல்ஹெட் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார்கள். நீளம், ஆணா பெண்ணா, துடுப்பு வெட்டுண்டதா என்று குறித்தார்கள். செதில் எடுத்தார்கள். பொரிப்பகத்திலிருந்து விடுமுன்னர் துடுப்பை வெட்டி அடையாளம் இடுவது வழக்கம் என்பதால் இரு வகையையும் பிரிப்பது எளிது. செதிலில் மர வளையம்போல் வளர்ச்சிக் கோடுகள் இருக்கும். மீனின் வயதும், எத்தனை ஆண்டு ஆற்றில், எத்தனை ஆண்டு கடலில் என்பதும் அதில் தெரியும். அந்தச் செதிலிலேயே டிஎன்ஏவும் இருக்கிறது.

மீனின் போக்கைத் தடுத்த அணை இவ்வாறு மீனின் வம்சாவளிப் பதிவேடாகவும் ஆயிற்று. ஆற்றில் முட்டையிடப்போகும் பெற்றோர் அத்தனை பேரின் டிஎன்ஏவும் கையில் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே பொறிக்குத் திரும்பும் மீன்களின் டிஎன்ஏவும் வந்து சேர்கிறது. ஒவ்வொரு மரபுக் குறியிலும் பிள்ளைக்கு ஒரு பாதி தாயிடமிருந்தும் மறு பாதி தந்தையிடமிருந்தும் வந்தாக வேண்டும். ஒத்துவராத ஜோடிகளைக் கழித்துக்கொண்டே போனால் எஞ்சுவது உண்மையான பெற்றோர். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புளூயின் ஆய்வகமும், அங்கே பணியாற்றிய ஹிட்டோஷி அராகியும் பிறரும் இந்த வேலையைச் செய்தார்கள்.

பொறுமை தேவைப்பட்ட வேலை இது. ஒரு வசந்தத்தில் முட்டையிட்ட மீன்களின் பிள்ளைகள் சில மூன்று நான்கு ஆண்டுகளிலும், சில அதற்கு வெகுநாள் கழித்தும் திரும்பும். எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் அந்த ஆண்டின் கணக்கை மூட முடியும். பேரப்பிள்ளைகள் வரை பார்க்க வேண்டுமானால் பத்து, பதினைந்து ஆண்டுகள் தேவை. மூன்று நான்கு ஆண்டு நிதியில் ஓடும் திட்ட அறிக்கைகளில் இந்தக் கேள்வி ஏன் எழாமல் போயிற்று என்பதற்கு இதுவே விடை.

முதல் மதிப்பெண்: தேறியது

அளவுகோல் எளிமையானது. ஒரு பொரிப்பகமீன் ஆற்றில் முட்டையிட்டு, வளர்ந்து திரும்பும் பிள்ளைகள் எத்தனை தந்தது? அதே ஆண்டில் அதே ஆற்றில் முட்டையிட்ட ஓர் ஆற்றுமீன் எத்தனை தந்தது? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஒப்பீட்டு இனப்பெருக்க வெற்றி. விடை 1 என்றால் இருவரும் சமம், 0.5 என்றால் பொரிப்பகமீன் பாதி மதிப்புடையது. ஆண்டின் வறட்சியும் வெள்ளமும், கடலின் நல்ல காலமும் கெட்ட காலமும் இரு தரப்புக்கும் பொது என்பதால் ஒப்பீடு நியாயமானது. சும்மா எண்ணிக்கையைப் பார்த்தால் கடல் செழித்த ஆண்டில் எந்தப் பொரிப்பகமும் சாதனையாளர் ஆகிவிடும்.

2007-இல் வந்த முதல் முடிவுகள் திட்டத்துக்கு ஆறுதல் தந்தன. வேற்றூர் வம்சத்துப் பழைய பொரிப்பகமீன்கள் ஆற்றில் மிகக் குறைவான வாரிசுகளையே விட்டுச் சென்றன. உள்ளூர் ஆற்றுமீனைப் பெற்றோராகக் கொண்ட புதிய பொரிப்பகமீன்களோ ஆற்றுமீன்களிலிருந்து வேறுபடுத்த முடியாத அளவுக்கு வாரிசுகளைத் தந்தன. அவை ஆற்றுமீனோடு ஜோடி சேர்ந்தபோதும் குறை தெரியவில்லை. ஒரு தலைமுறைக்கு மட்டுமாவது இத்திட்டம் ஆற்றின் மீனை உண்மையிலேயே கூட்டியது. ஆனால் ஓர் இடத்தில் நெருடல் இருந்தது. பொரிப்பகமீனும் பொரிப்பகமீனும் ஆற்றில் ஜோடி சேர்ந்தபோது, எதிர்பார்த்ததைவிடக் குறைவான பிள்ளைகளே திரும்பின.

இரண்டாம் மதிப்பெண்: இடறியது

நெருடலுக்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். தொட்டியில் வளர்ந்ததால் ஆற்றில் வாழத் தெரியவில்லை என்பது ஒன்று. அப்படியானால் அது அந்தத் தலைமுறையோடு போய்விடும். ஆற்றில் பிறக்கும் பிள்ளை பிழையின்றி வளரும். தொட்டி வாழ்க்கை மரபணுக்களையே வடிகட்டிவிட்டது என்பது மற்றொன்று. அப்படியானால் குறை பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடரும். சாதாரண ஒப்பீட்டில் இரண்டும் பின்னிக்கிடக்கும். பொரிப்பகமீன் வளர்ப்பிலும் வேறு, மரபிலும் வேறு.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆய்வாளர்கள் எடுத்த வழிதான் முழு ஆய்வின் அச்சாணி. பொரிப்பகத்தில் சில குஞ்சுகளுக்குத் தாய் தந்தை இருவரும் ஆற்றுமீன்கள். வேறு சில குஞ்சுகளுக்கு ஒருவர் ஆற்றுமீன், மற்றவர் முன்பே பொரிப்பகத்தில் பிறந்து திரும்பிவந்தவர். இரு வகைக் குஞ்சுகளும் ஒரே பொரிப்பகத்தில், ஒரே தீனியில் வளர்ந்தன; ஒரே ஆற்றில் விடப்பட்டன; ஒரே ஆற்றில் முட்டையிட்டன. வளர்ப்பில் எள்ளளவும் வேறுபாடில்லை. ஒரே வேறுபாடு, இரண்டாம் வகையின் மரபில் பாதி ஒரு தலைமுறை கூடுதலாகத் தொட்டிக்குள் இருந்தது. வளர்ப்புதான் காரணம் என்றால் இரண்டும் சமமாக வாரிசு தந்திருக்க வேண்டும்.

சமமாகத் தரவில்லை. இரண்டாம் வகை, முதல் வகையின் 55 சதவீத அளவுக்கே வாரிசுகளைத் தந்தது. 2007 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் அராகி, பெக்கி கூப்பர், புளூயின் மூவரும் எழுதிய கட்டுரை இதையும் பிற ஒப்பீடுகளையும் சேர்த்து, தொட்டியில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் இனம்பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று மதிப்பிட்டது. ஒரு தலைமுறைக்கு நூறு அறுபதாகும். அடுத்ததற்கு அறுபது முப்பத்தாறாகும். பழக்கிய விலங்கு காட்டுக்கு ஆகாது என்பது பழைய அறிவு. அந்தப் பழக்கம் இவ்வளவு வேகமாக, ஒன்றிரண்டு தலைமுறையில் மரபில் ஏறும் என்பதுதான் யாரும் எதிர்பாராதது.

2009-இல் அடுத்த படியை ஏறினார்கள். இம்முறை ஒப்பிட்டவை எல்லாமே ஆற்றில் பிறந்த மீன்கள். தொட்டியைக் கண்ணால் கண்டிராதவை. பெற்றோர் இருவரும் பொரிப்பகத்திலிருந்து வந்தவர்கள் என்றால் அந்த ஆற்றுமீனின் இனப்பெருக்க வெற்றி, முழு ஆற்றுவம்சத்து மீனின் 37 சதவீதம் மட்டுமே. ஒருவர் மட்டும் பொரிப்பகம் என்றால் 87 சதவீதம். துடுப்பு வெட்டுப்படாத, பார்வைக்குச் சுத்தமான ஆற்றுமீன்களுக்குள்ளேயே பொரிப்பகத்தின் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு, பொரிப்பகமீனை ஆற்றுமீனோடு ஒப்பிடும்போது ஏற்கெனவே தேய்ந்த அளவுகோலைப் பிடித்து அளக்கிறது.

தொட்டி எதைத் தேர்ந்தெடுக்கிறது?

பொரிப்பகத்தில் யாரும் கெட்ட மீனைத் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லா முட்டையையும் சமமாகப் பேணுகிறார்கள். பிறகு தேர்வு எங்கே நடக்கிறது?

தொட்டியில் பருந்து இல்லை, பெருமீன் இல்லை, வெள்ளம் இல்லை, பசியும் இல்லை. நெருக்கடி மட்டும் உண்டு. நேரத்துக்கு மேலிருந்து கொட்டும் தீனிக்கு முண்டியடித்து வருபவன் கொழுக்கிறான். ஆற்றில் இரண்டு மூன்று ஆண்டுகளில் எட்டும் உடலைத் தொட்டியில் ஓராண்டில் எட்ட வேண்டும். விடும்போது பெரிதாக இருக்கும் ஸ்மோல்ட்தான் கடலில் அதிகம் பிழைக்கிறது. ஆகவே வேகமாக வளரும் மரபுள்ள குடும்பங்கள் அதிகம் திரும்புகின்றன. தேர்வு செய்பவர் இல்லை. தேர்வு நடந்துகொண்டே இருக்கிறது.

மார்க் கிறிஸ்டி முன்னின்று நடத்திய 2012 ஆய்வு இதற்கு நேரடிச் சான்று தந்தது. பொரிப்பகத்தில் பெற்றோராக்கப்பட்ட முதல் தலைமுறைப் பொரிப்பகமீன்கள், அதே பொரிப்பகத்தில் பெற்றோராக்கப்பட்ட ஆற்றுமீன்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வாரிசுகளைத் தந்தன. ஒரே தலைமுறையில் தொட்டிக்கு அவ்வளவு பொருத்தம் வந்துவிட்டது. தொட்டியில் மிகச் சிறப்பாகத் தேறிய பெற்றோரின் பிள்ளைகளே ஆற்றில் மிக மோசமாகத் தேறினார்கள். ஓரிடத்தின் கெட்டிக்காரன் மறு இடத்தின் அசடு.

2016-இல் அதே குழு மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்தது. ஆற்றுமீன் ஜோடிகளின் குஞ்சுகளையும் முதல் தலைமுறைப் பொரிப்பகமீன் ஜோடிகளின் குஞ்சுகளையும் ஒரே சூழலில் வளர்த்து ஒப்பிட்டபோது, 723 மரபணுக்களின் செயல்பாட்டில் வேறுபாடு தெரிந்தது. காயம் ஆறுதல், நோய் எதிர்ப்பு, உணவைச் செரித்துச் சேர்த்தல் ஆகியவற்றோடு தொடர்புடையவை அவற்றில் மிகுந்திருந்தன. உரசிக்கொண்டும் கடித்துக்கொண்டும் வாழும் நெரிசலுக்கு உடல் தயாராவதற்கு இந்தப் பட்டியல் நன்றாகப் பொருந்துகிறது. 2021-இல் புளூயின் குழு இரு வம்சத்துக் குடும்பங்களையும் பொரிப்பகத் தொட்டியிலும் செயற்கை ஓடையிலும் சேர்த்து வளர்த்தது. பொரிப்பக வம்சம் தொட்டியில் வேகமாக வளர்ந்தது. ஓடையில் குறைவாகப் பிழைத்தது. தீனியில் கொழுப்பைக் குறைத்துப் பார்த்தார்கள். மீன்கள் சற்றே சிறுத்தன. குடும்பங்களுக்கிடையிலான வேறுபாடு மாறவில்லை.

கூட்டம் பெருகியது, குடும்பங்கள் குறைந்தன

மீன்கள் எத்தனை என்பதோடு, எத்தனை பெற்றோரிடமிருந்து வந்தவை என்பதும் முக்கியம். ஓர் ஊரில் ஆயிரம் பேர் இருக்கலாம். அத்தனை பேரும் இரண்டு மூன்று வீட்டுப் பங்காளிகள் என்றால் உள்ளூரில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ வழியில்லை. பொரிப்பகம் ஆற்றை இந்த நிலைக்குத் தள்ளக்கூடும். சில பத்துப் பெற்றோரின் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் காப்பாற்றி ஆற்றில் கொட்டினால், அந்தச் சிலரின் மரபு மற்றவர்களின் மரபை அமுக்கிவிடும். இதற்கு ரைமன்-லைக்ரி விளைவு என்று பெயர்.

ஹூட் ஆற்றில் பன்னிரண்டு ஆண்டுகளில் திரும்பிய பொரிப்பகமீன்களை அவற்றின் பெற்றோரோடு பொருத்திப் பார்த்தார்கள். இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்களித்த பெற்றோரின் பயனுறு எண்ணிக்கை, பொரிப்பகத் தரப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 25. ஆற்றுமீன் தரப்பில் 373. பொரிப்பகத்தால் முட்டையிடும் மீன்களின் தலை எண்ணிக்கை இரட்டிப்பானது. மொத்தக் கூட்டத்தின் பயனுறு எண்ணிக்கையோ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. பொறிக்கருகே நின்று தலையை மட்டும் எண்ணியவருக்கு அதே ஆண்டுகள் வெற்றி ஆண்டுகள். முட்டையிடும் இடத்துக்குப் போகும் மீன்களில் பொரிப்பகமீன்கள் 10 சதவீதத்தைத் தாண்டும்போது சேதம் மிகுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆற்றில் நன்றாக இனம்பெருக்கும் பொரிப்பகமீன்தான் இந்த விளைவை அதிகமாக்கும். அந்தச் சில குடும்பங்களின் மரபு அவ்வளவு வேகமாகப் பரவுமல்லவா?

வம்சாவளி இன்னொரு எதிர்பாராத உறவினரையும் காட்டிக்கொடுத்தது. திரும்பிய மீன்களில் பலவற்றுக்குப் பெற்றோரில் ஒருவர் பதிவேட்டில் இல்லை. தாத்தா பாட்டிகளை வைத்துத் தேடியபோது, கடலுக்கே போகாமல் ஆற்றில் தங்கிவிட்ட டிரவுட்டுகள் அகப்பட்டன, பெரும்பாலும் ஆண்கள். ஸ்டீல்ஹெட்டின் மரபில் 20 சதவீதம் ஆற்றில் தங்கும் இயல்பான டிரவுட்டிலிருந்து வருவதாகவும், கடலுக்குப் போகாமல் தங்கிவிட்ட பொரிப்பகமீன்களிலிருந்து 1 சதவீதமே வருவதாகவும் 2011 ஆய்வு கணக்கிட்டது. பெற்றோர் இருவருமே தங்கிவிட்டவர்களாக இருந்த பிள்ளைகளையும் சேர்த்தால் டிரவுட்டின் பங்கு 40 சதவீதத்தை நெருங்கும். யாரும் எண்ணாத, யாரும் செலவழிக்காத சிறு டிரவுட்டுகள் கடலோடி உறவினர்களைத் தாங்கிப்பிடித்திருக்கின்றன. கடலில் பெருஞ்சாவு நேரும் ஆண்டுகளில் ஆறு கையிருப்பாக வைத்திருக்கும் மரபு அது.

ஓர் ஆற்றின் பாடம் எவ்வளவு தூரம் செல்லும்?

ஹூட் ஆற்று எண்களை எல்லா ஆற்றுக்கும் எல்லா மீனுக்கும் ஒட்டவைத்துவிட முடியாது. ஐடஹோ மாநிலத்தின் ஜான்சன் கிரீக்கில் நெஸ் பெர்சே பழங்குடியினர் நடத்தும் சினூக் சால்மன் பொரிப்பகம், ஒவ்வொரு முறையும் ஆற்றில் பிறந்த மீன்களை மட்டுமே பெற்றோராக்குகிறது. 2012-இல் வெளியான அதன் டிஎன்ஏ மதிப்பீடு, எண்ணிக்கை கூடியதையும் ஆற்றுக்கூட்டத்துக்குச் சேதம் மிகக் குறைவு என்பதையும் காட்டியது. சினூக் கடலுக்கு இளவயதிலேயே கிளம்பிவிடும் இனம். தொட்டியில் அதை ஸ்டீல்ஹெட் அளவுக்கு அவசரமாகக் கொழுக்கவைக்க வேண்டியதில்லை. இனத்துக்கு இனம், நிர்வாகத்துக்கு நிர்வாகம் மதிப்பெண் மாறும்.

வாரிசுக் கணக்குக்கும் எல்லை உண்டு. அது பொரிப்பகமீனை அதே ஆற்றின் ஆற்றுமீனோடு ஒப்பிடுகிறது. பொரிப்பகமே இல்லாதிருந்தால் அந்த ஆறு எப்படி இருந்திருக்கும் என்பதை அது சொல்லாது. அதற்கு, பொரிப்பகம் உள்ள ஓடைகளையும் இல்லாத ஓடைகளையும் அருகருகே வைத்து, திட்டத்துக்கு முன்னும், நடக்கும்போதும், நிறுத்திய பிறகும் பார்க்க வேண்டும். ஐடஹோவில் சினூக் சால்மனுக்கு இதை இருபது ஆண்டுக்கும் மேலாகச் செய்தார்கள். குஞ்சு விட்ட காலத்தில் மீன் கூடியது. விடுவதை நிறுத்தியதும் அந்தக் கூடுதல் நிலைக்கவில்லை. வேறு வழியில் போன இந்த ஆய்வும் ஹூட் ஆறு சொன்ன பக்கத்துக்கே வந்து சேர்ந்தது: பொரிப்பகம் தலைகளைக் கூட்டும், ஆற்றின் தாங்கும் திறனைக் கூட்டாது.

பவர்டேல் அணை 2010-இல் இடிக்கப்பட்டது. 2006-இல் வந்த பெருவெள்ளம் அதன் மின் உற்பத்தியை முன்பே முடித்துவைத்திருந்தது. மீனுக்கு அது நல்ல செய்தி. ஆய்வாளர்களுக்கோ ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்துப் பார்த்த காலம் அதோடு முடிந்தது. இனி மாதிரிகளை எடுத்து மதிப்பிட வேண்டும். பிழை வரம்பும் விரியும். மதிப்பீடு என்பது திட்டம் தொடங்கிய பிறகு யோசிக்கும் சங்கதியாக இருக்கக் கூடாது என்பதற்கு இது போதுமான சாட்சி. 1991-இல் செதில்களை எடுத்துச் சேமித்திராவிட்டால், 2007-இல் எவ்வளவு நல்ல டிஎன்ஏ கருவி இருந்தும் பயனில்லை.

இனி எப்படி அளப்பது?

ஹூட் ஆறு கற்பித்ததை நிர்வாக மொழியில் சொன்னால் சில விதிகள் கிடைக்கும். முதலாவது, இலக்கைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிடிப்பதற்காக மீன் வளர்ப்பது பொரிப்பகத்தின் நோக்கம் என்றால், அந்த மீன்கள் ஆற்றுமீன் முட்டையிடும் இடத்துக்குப் போகாமல் பிடித்து முடிக்கும் திறமையை அளக்க வேண்டும். மீட்பு நோக்கம் என்றால் ஆற்றில் பிறந்து திரும்பும் வாரிசுகளை அளக்க வேண்டும். இரண்டு நோக்கத்துக்கும் ஒரே எண்ணைக் காட்டும் அறிக்கை எதற்கும் பதில் சொல்வதில்லை.

இரண்டாவது, மீட்புப் பொரிப்பகத்தில் திரும்பிவந்த பொரிப்பகமீனை மீண்டும் பெற்றோராக்கக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் ஆற்றில் பிறந்தவற்றையே எடுக்க வேண்டும். அதுவும் அளவோடு. பெற்றோராகத் தொட்டிக்குள் போகும் ஒவ்வொரு மீனும் ஆற்றில் முட்டையிடாமல் போன மீன். அவை ஆற்றில் தந்திருக்கக்கூடிய வாரிசுகளைச் செலவுப் பக்கத்தில் எழுதிய பிறகே லாபம் பேச வேண்டும். மூன்றாவது, பெற்றோரின் எண்ணிக்கையையும், அவர்களிடமிருந்து வரும் குஞ்சுகள் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். நான்காவது, முட்டையிடும் இடங்களில் பொரிப்பகமீனின் விகிதத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும்.

ஐந்தாவது விதிதான் நடைமுறையில் மிகக் கடினம். பொரிப்பகத்துக்கு முடிவுத் தேதி வேண்டும். இனம் அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும்போது, தலைமுறைக்கு 40 சதவீத இழப்பையும் சகித்துக்கொண்டு தொட்டியை நாடுவதில் தவறில்லை. இல்லாத மீனுக்குத் தரம் பார்க்க முடியாது. ஆனால் அப்படிக் கிடைக்கும் அவகாசத்தில் ஆற்றைச் சரிசெய்தாக வேண்டும். ஹூட் பள்ளத்தாக்கில் பழத்தோட்டங்களுக்குத் தண்ணீர் எடுக்கும் வாய்க்கால்களில் குஞ்சுகள் போய் மாட்டிக்கொள்வது பெரும் இழப்பாக இருந்தது. அங்கேயே உள்ள ஃபார்மர்ஸ் பாசன மாவட்டம், தண்ணீர் கீழே வடிய, குஞ்சு மேலாக வழுக்கி ஆற்றுக்கே திரும்பும் கிடைமட்ட வடிதட்டு ஒன்றை உருவாக்கியது. இன்று அது பிற ஆறுகளுக்கும் போயிருக்கிறது. பவர்டேல் அணையும் இடிக்கப்பட்டது. இந்த மாற்றங்கள் எந்தக் குஞ்சின் மரபையும் வடிகட்டுவதில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் செலவு கேட்பதுமில்லை. ஆகவே பொரிப்பகத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர், எத்தனை லட்சம் குஞ்சுகள் என்ற முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு இரண்டு எண்களைத் தேட வேண்டும்: ஆற்றில் பிறந்த வாரிசுகள் எத்தனை, குஞ்சு விடுவதை நிறுத்தும் ஆண்டு எது. இரண்டும் இல்லாத அறிக்கை மீன் வளர்ப்பின் அறிக்கை. அதை மீட்பின் அறிக்கையாக வாசிக்கத் தேவையில்லை.